ஏழாவது நன்றி

எங்கள் கம்பளி ஆலையில் நன்றிக்கு எண் உண்டு, தேதி உண்டு, முத்திரை உண்டு. வாயால் சொன்ன நன்றி செல்லாது. ஒருவர் ஒழுங்காக உழைத்தார் என்று நிர்வாகத்துக்குத் தோன்றினால் ஓர் உத்தரவு போடுவார்கள். அந்த உத்தரவின் எண்ணோடு அவருடைய வேலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'நன்றி தெரிவிக்கப்படுகிறது' என்று ஊதா மையில் ஏறிவிடும். மே தினத்துக்குச் சில பேர், மகளிர் தினத்துக்குச் சில பேர், புரட்சி தினத்துக்குச் சில பேர். எல்லாம் முறை வைத்துத்தான். போன வருஷம் நூற்புக்கூடத்துக்குக் கிடைத்தால் இந்த வருஷம் நெசவுக்கு. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். ஆனால் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

என் புத்தகத்தில் ஏழு நன்றிகள் இருக்கின்றன. ஆறு சோவியத் காலத்தில் வாங்கியவை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று எனக்கே ஞாபகமில்லை. ஏழாவதை எழுதியவள் உல்கான். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

உல்கான் ஆலையின் பணியாளர் பிரிவு எழுத்தர். நான் அதே அறையில் தட்டச்சு. என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் சின்ன வயதிலேயே குதிரையிலிருந்து விழுந்து போய்விட்டான், பிள்ளை இல்லை. ஆலையில் இருந்த ஆயிரத்து நானூறு பேருடைய வேலைப் புத்தகங்களும் அவளுடைய இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தக் கூடத்திலிருந்து எந்தக் கூடத்துக்கு மாறினார், எல்லாம் அவள் கையெழுத்து. அச்சடித்த மாதிரி இருக்கும். ஓர் எழுத்தை அடித்துத் திருத்தி யாரும் பார்த்ததில்லை. வேறு ஆலையிலிருந்து வரும் புத்தகங்களில் தப்பு கண்டுபிடித்தால், "அந்த ஊர்ல எழுதறவளுக்குக் கண்ணு இல்லையா, கை இல்லையா?" என்று சாயங்காலம்வரை அங்கலாய்ப்பாள்.

அவளுடைய புத்தகத்தில் மட்டும் ஒரு நன்றியும் கிடையாது. பட்டியல் தயார் செய்பவளே அவள்தான். தன் பெயரைத் தானே எப்படி எழுதுவது என்று கூச்சம். தொழிற்சங்கத் தலைவர் வருஷா வருஷம், "அடுத்த தடவை உனக்குத்தான் உல்கான்" என்பார். இருபத்து நாலு வருஷம் அடுத்த தடவை வரவேயில்லை.

ஆனால் வாயால் நன்றி சொல்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. பஸ் நகரத் தொடங்கிய பிறகும் ஓட்டுநருக்குக் கேட்கும்படி கத்தி நன்றி சொல்லிவிட்டுத்தான் நடப்பாள். வேலைக்கு நடுவில் மூன்று வாய் தேநீர் குடித்தாலும் இரண்டு கைகளையும் விரித்து, முகத்தைத் தடவி, 'ஓமின்' என்று துஆவை முடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். மேசையில் விழுந்த ரொட்டித் தூளை உள்ளங்கையில் ஒற்றி எடுத்துத் தின்பாள். எனக்கு இதையெல்லாம் பார்த்தால் எரிச்சல் வரும்.

"ஏக்கா, அடுப்புக்கு நன்றி சொல்லியாச்சா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஆச்சு. கெண்டிக்கும் சொல்லியாச்சு. உனக்குத்தான் இன்னும் சொல்லல. நீ எதாவது செஞ்சாத்தானேடி சொல்றதுக்கு."

அறையே சிரித்தது. அப்போது அறையில் இருந்த மூன்றாவது ஆள் புர்மாகான். சாயப்பட்டறைக்காரி. இடைவேளையில் எங்கள் அறைக்குத்தான் தேநீருக்கு வருவாள். அவளும் நானும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் அவள் கைகள் மணிக்கட்டுவரை இருக்கும். திங்கட்கிழமை பச்சை, செவ்வாய்க்கிழமை சிவப்பு. "கல்யாணத்துக்குப் போகணும், நாளைக்கு நல்ல நிறமா ஓட்டுங்கப்பா" என்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சுவாள். சாய ஆவியில் இருபது வருஷம் நின்றதில் இருமல் வந்து தங்கிவிட்டது. இருமிக்கொண்டேயும் அவள் சிரிப்பாள்.

பிறகு சோவியத் போயிற்று. தொண்ணூற்று மூன்றில் புதுப் பணம் சோம் வந்தது. ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை. கம்பளி வாங்க ஆளில்லை. சம்பளத்துக்குப் பதிலாகப் போர்வைகள் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை போர்வையோடு ரயில் நிலையத்தில் நின்றோம். மேலாளர் அசான்பெக் புதன்கிழமை மட்டும் வருவார். இயந்திரங்களைப் பழைய இரும்பாக விற்கும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கார் சூடு ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்.

அடுத்த ஜனவரியில் குளிர் ஒரே போடாகப் போட்டது. துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும். வசந்தத்தில் ஆலை திறக்கும் என்று சொல்லி, எங்கள் அறையைத் தவிர எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆளில்லாத ஆலையில் குழாய்கள் உறைந்து வெடிக்கத்தான் செய்யும். புர்மாகான் விடவில்லை. சாயப்பட்டறைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கொதிகலனை அணையாமல் பார்த்துக்கொண்டாள். நிலக்கரித் தூள், உடைந்த தறிக் கட்டை, பழைய நாற்காலி, எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள். ஐந்து வாரம். ஒரு காசு கிடையாது. மெல்ல மெல்ல மற்றக் கூடத்துக்காரர்களும் வந்து சேர்ந்து மொத்தம் நாற்பத்தொரு பேர் ஆனார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து உப்புத் தயிர் உருண்டை கொண்டுவருவாள், ஒருத்தி வெந்நீர் வண்டி தள்ளுவாள், ஒரு கிழவர் தன் வீட்டுக் கதவையே பெயர்த்துக் கொண்டுவந்தார்.

"உனக்கென்னடி பைத்தியமா? அவன் இரும்பா வித்துட்டு இருக்கான், நீ குழாயைக் காப்பாத்தறியே?" என்று நான் கேட்டேன்.

"திறக்கறேன்னு சொல்லியிருக்காங்கல்ல? குழாய் வெடிச்சா எதை வெச்சுத் திறப்பாங்க?" என்றாள்.

ஐந்தாவது வாரம் முடிந்த புதன்கிழமை உல்கான் மேலாளர் அறைக்குப் போனாள். நாற்பத்தொரு பேருக்கும் நன்றி உத்தரவு போடவேண்டும் என்று கேட்டாள். அசான்பெக் விழுந்து விழுந்து சிரித்தாராம். "நன்றியா? அத வாயாலயே சொல்லிடு உல்கான். பேப்பர் மிச்சம்."

திரும்பி வந்தவளுக்கு முகம் செத்துப்போயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் பேனாவை எடுத்தாள். இரண்டு நாள் எழுதினாள். நான்கு தாள், நாற்பத்தொரு பெயர். முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: 'கடமை உணர்வுடன் உழைத்தமைக்காக.' இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் தனி வாசகம். கிழவருக்கு, 'தம் வீட்டுக் கதவை எரிபொருளாக அளித்தமைக்காக.' புர்மாகானுக்கு, 'ஊதியமின்றி முப்பத்தைந்து நாள்கள் கொதிகலனை அணையாமல் காத்து, ஆலை மீண்டும் திறக்கும் என்ற நம்பிக்கையையும் அணையாமல் காத்தமைக்காக.' உத்தரவுகளில் இப்படியெல்லாம் எழுத மாட்டார்கள். நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"மைரம், இத நீ டைப் பண்ணிடு. உத்தரவு எண் இருநூத்துப் பன்னிரண்டுலேர்ந்து போடு. அடுத்த புதன்கிழமை இரும்பு விக்கற பேப்பருக்கு நடுவுல வெச்சுடு. அந்தாளு படிக்காமதான் கையெழுத்துப் போடறான். கையெழுத்துன்னா கையெழுத்துதான்."

"சரிக்கா" என்றேன்.

நல்ல யோசனைதான். நடந்திருக்கும். அரை நாள் வேலை. தட்டச்சு நாடா காய்ந்துபோயிருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாடாவுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடும். அந்தப் புதன்கிழமை சைபீரியாவுக்குப் போகும் ரயில் வரும் நாள். போர்வை நன்றாகப் போகும். அவ்வளவுதான் காரணம். நான்கு தாளையும் போர்வை மூட்டையில் செருகிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். போர்வையோடு கொஞ்சம் எண்ணெயில் பொரித்த மாவுருண்டையும் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு ரஷ்யக்காரி கேட்டாள், சுற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லை. கைக்கு வந்த தாளில் சுற்றிக் கொடுத்தேன். அப்புறம் இன்னொருத்திக்கு. எதில் சுற்றுகிறேன் என்று தெரியாமல் சுற்றினேன் என்று எழுதினால் இதை எழுதவே வேண்டாம். தெரிந்துதான் சுற்றினேன். இந்தக் காலத்தில் நன்றியை வைத்துக்கொண்டு யார் நாக்கு வழிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு பேரும் எண்ணெய்க் கறையோடு வடக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் உல்கான் கேட்டாள், "கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சுக்கா. பைலு அவர் ரூம்ல பூட்டியிருக்கு."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்பில் கரி தள்ளப் போனேன்.

வாசகங்கள் அவளுக்கு மனப்பாடம்; அந்த வாரமே எல்லாப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டாள். ஒவ்வொருவரையாக அறைக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று, சத்தமாக வாசித்து, கை குலுக்கினாள். புர்மாகான் வந்தபோது கையில் நிறமே இல்லை, கரிதான். வாசகத்தைக் கேட்டதும் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை படிக்கா."

உல்கான் படித்தாள்.

"அந்த நம்பிக்கைன்னு வருதே, அத மட்டும்."

மூன்றாவது தடவையும் படித்தாள். நான் தட்டச்சுப் பொறியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இல்லாத தூசியைத் துடைத்தேன்.

வசந்தம் வந்தது. ஆலை திறக்கவில்லை. குழாய்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வெடிக்காத குழாய்கள் என்பதால் நல்ல விலை கிடைத்ததாம். அடுத்த வருஷம் உல்கான் இரும்புப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள், இரண்டு கையாலும், ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி. என்னுடையதைக் கொடுக்கும்போது, "வீட்டுக்குப் போய்க் கடைசிப் பக்கத்தப் பாரு" என்றாள். அந்தக் கடைசிப் பக்கங்களைத் திறக்க எனக்குத் தெம்பில்லை. நாற்பத்தொரு பொய்கள் ஊர் முழுக்க ஊதா மையில் இருந்தன. புத்தகத்தைப் படுக்கைகள் அடுக்கிய பெட்டிக்கு அடியில் போட்டேன்.

எனக்கு அதிர்ஷ்டம். நகர நிர்வாகக் கட்டடத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. ஊரில் பாதிப் பேர் சந்தையில் மூட்டை சுமக்கும்போது எனக்கு மேசை, நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம். உல்கான் ரயில் நிலைய மேடையைப் பெருக்கினாள். புர்மாகான் ஒரு வியாபாரிக்காகச் சூ ஆற்றில் ஆட்டுக் கம்பளி அலசினாள். பனி உருகி வரும் தண்ணீர் அது. இருமல் இப்போது சிரிக்க விடுவதில்லை. சாயப்பட்டறையில் இத்தனை வருஷம் நின்றவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் உண்டு என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. தொண்ணூற்றேழு இலையுதிர் காலத்தில் அதற்கான வயது ஆயிற்று. அது கிடைத்தால் ஆற்றிலிருந்து கரையேறிவிடலாம்.

ஓய்வூதிய அலுவலகம் நான் வேலை பார்த்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டபோது மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம். அலுவலர் டமீரா, முப்பது வயதுப் பெண், கெட்டவள் இல்லை. எங்களை உட்காரச் சொன்னாள். ஆலையின் உத்தரவுப் பதிவேட்டை நகர ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழைத்து, புர்மாகானின் வேலைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"புர்மாகான் அக்கா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. இங்க இருநூத்துப் பன்னிரண்டுன்னு ஒரு உத்தரவு போட்டிருக்கு. பதிவேடு இருநூத்துப் பதினொண்ணோட முடிஞ்சுடுது. அப்படி ஒரு உத்தரவே இல்லையே?"

உல்கான் நிதானமாகச் சிரித்தாள். "இருக்கும்மா. நல்லாப் பாரு. மைரம்தான் டைப் பண்ணிக் கையெழுத்து வாங்கினா. மைரம், சொல்லு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாடியில் என் மேசை இருந்தது. அதன் மேல் என் கண்ணாடிக் குவளை இருந்தது. அதுதான் என் நினைவில் வந்தது, வேறொன்றும் இல்லை.

"எனக்கு... ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

உல்கான் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் கையெழுத்து வாங்கவில்லை, தட்டச்சுகூட அடிக்கவில்லை, எல்லாமே அந்தப் பார்வையில் தெரிந்துவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் டமீராவிடம் திரும்பினாள். "அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் அவகிட்ட குடுக்கவே இல்ல. உத்தரவு எதுவும் கிடையாது. நானேதான் எழுதினேன். புர்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஒரு வரிய அடிச்சுட்டு மத்தத எடுத்துக்கம்மா."

"அப்ப அத எழுதிக் குடுத்துடுங்க."

உல்கான் எழுதிக் கொடுத்தாள், அச்சடித்த மாதிரி. டமீரா அதை வாங்கிப் படித்தாள். பிறகு புர்மாகானின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டாவதைப் புரட்டினாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது அப்போதுதான்.

"அக்கா, இந்தப் புத்தகம் பூரா உங்க கைதானே?"

"ஆமா."

"வேலைக்குச் சேர்ந்த தேதி, சாயப்பட்டறைக்கு மாத்தினது, எல்லாமே?"

"எல்லாமே நான்தான். ஒரு எழுத்து தப்பிருக்காது."

டமீரா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு வரி பொய்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. அதே கை எழுதின மத்த வரியெல்லாம் நிஜம்னு நான் எப்படிக்கா எழுதறது? நாளைக்கு என் வேலை போயிடும். சாயப்பட்டறை வருகைப் பதிவு எதாவது இருந்தாக் கொண்டாங்க, நானே போட்டுத் தரேன்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். 'என்கிட்டதான் குடுத்தாங்க, நான்தான் செய்யல' என்று ஒரு வாக்கியம். உல்கான் பொய் எழுதியவள் இல்லை, நம்பி ஏமாந்தவள் என்று ஆகியிருக்கும். ஒரு வரிதான் அடிபட்டிருக்கும், புர்மாகானின் இருபத்தாறு வருஷ வேலை செல்லுபடியாகியிருக்கும். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை என்று பிற்பாடு அலுவலகத்தில் பேசிச் சிரித்தார்கள். பல்லியைப் பிடித்துத் தள்ளியவள் அவர்களுக்கெல்லாம் தட்டச்சு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் புர்மாகான் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். உல்கான் பையிலிருந்து ரொட்டியைப் பிய்த்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். என்னிடம், முகத்தைப் பார்க்காமல், "பேப்பர் எங்கயோ தொலைஞ்சு போயிருக்கும், இல்ல?" என்றாள்.

"ஆமாக்கா, தொலைஞ்சிருக்கும்" என்றேன். என்னைக் கரையேற்றக் கை நீட்டினாள், நான் அந்தக் கையையும் பொய்யால் பிடித்தேன்.

வருகைப் பதிவைத் தேடினோம். ஆலைக் கட்டடத்தை வாங்கியவன் காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டானாம். ஒரு வாரம் கழித்துச் சந்தையில் சூரியகாந்தி விதை வாங்கினேன். விதைக்காரி சுருட்டிக் கொடுத்த கூம்பைப் பிரித்தால், 'சாயப்பட்டறை, 1978 மார்ச்' என்று இருந்தது. அவளிடம் இருந்த கட்டு முழுவதையும் விலை பேசிக் கொண்டுவந்து பார்த்தேன். மார்ச்சும் பாதி ஏப்ரலும் மட்டும் கிடைத்தன. இருபத்தாறு வருஷத்தில் ஒன்றரை மாதம். டமீராவிடம் கொண்டுபோனேன். பரிதாபமாகத் தலையாட்டினாள்.

உல்கான் மேல் வழக்குப் போட்டார்கள். சிறைக்குப் போகவில்லை, எச்சரித்து விட்டார்கள். ஆனால் அவள் புத்தகத்தையும் அவளேதான் எழுதியிருந்தாள். ஆகவே அவளுக்கும் அடிமட்ட ஓய்வூதியம்தான், துடைப்பமும் கையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்கவில்லை. பஸ்ஸிலிருந்து பேசாமல் இறங்குவாள். யாராவது ஏதாவது கொடுத்தால் தலையாட்டி வாங்கிக்கொள்வாள். வாய் மூடிவிட்டது.

புர்மாகான் இன்னும் ஒரு குளிர்காலம் ஆற்றில் நின்றாள். அடுத்த பிப்ரவரியில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சாவதற்கு இரண்டு நாள் முன்னால், தன்னைக் குளிப்பாட்ட உல்கானும் நானும்தான் வரவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அது பெரிய மரியாதை. யாரை நெருக்கமாக நினைக்கிறார்களோ அவர்களைத்தான் சொல்வார்கள். உல்கான் தண்ணீர் ஊற்றினாள், நான் கைகளைக் கழுவினேன். நகக்கண்களில் நீலம் அப்படியே இருந்தது. தேய்த்தேன். போகவில்லை. இன்னும் தேய்த்தேன்.

"விடு மைரம். போகாது" என்றாள் உல்கான். அன்றைக்கு என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

குளிப்பாட்டியவர்களுக்குச் செத்தவளுடைய துணியைக் கொடுப்பது வழக்கம். மகள் எனக்கு ஒரு தலைத்துண்டு கொடுத்தாள், ஆலையில் வாய் பொத்தி அழுத அதே துண்டு. அம்மாவின் வேலைப் புத்தகத்தையும் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள் புர்மாகான். கடைசிப் பக்கம் மட்டும் திறந்து திறந்து நைந்துபோயிருந்தது. "அந்த வரிய அடிச்சுடலாமான்னு ஓய்வூதிய ஆபீஸ்ல கேட்டாங்களாம். எங்கம்மா வேணாம்னுட்டாங்க. எனக்குன்னு எழுதினது இது ஒண்ணுதான்டின்னு சொல்வாங்க, சின்னம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டிக்கு அடியிலிருந்து என் புத்தகத்தை எடுத்தேன். நாலு வருஷத் தூசி. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஆறு நன்றிகளுக்குக் கீழே, அச்சடித்த மாதிரி:

'உத்தரவு எண் 253. நாற்பத்தொரு தோழர்களின் நன்றி உத்தரவுகளைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் பெற்று, அவர்களின் உழைப்பு மறக்கப்படாமல் காத்தமைக்காக மைரம்கானுக்கு நன்றி தெரிவிக்கப்படுகிறது.'

தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பயம்தான் வந்தது, இந்தப் பக்கத்தை டமீரா பார்த்தால் என்ன ஆகும் என்று.

டமீரா பார்க்கவில்லை. என் முறை வந்தபோது நான் அதே கட்டடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். "நம்ம வீட்டுப் புத்தகத்தப் போய்ப் பாக்கணுமாக்கா?" என்று முதல் பக்கத்திலேயே முத்திரை குத்தினாள். அதுவும் உல்கானின் கையெழுத்துதான். பதினோரு நாளில் ஓய்வூதியம் வந்தது.

முதல் மாதம் வந்ததும், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி இரண்டை வாங்கிக்கொண்டு உல்கான் வீட்டுக்குப் போனேன். ரயில்வே குடியிருப்பில் ஓர் அறை. வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்: 'அக்கா, நான்தான் செய்யல.' மூன்றே சொல். அவள் முடி முழுக்க வெளுத்திருந்தது. தேநீர் ஊற்றினாள். ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை எனக்குக் கொடுத்தாள். தின்றோம். வாக்கியம் தொண்டை வரை வரும், ரொட்டியோடு உள்ளே போய்விடும். உடம்பு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். விலைவாசி பற்றிப் பேசினேன். தலையாட்டினாள்.

தின்று முடித்ததும் மேசையிலிருந்த தூளை உள்ளங்கையில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். கைகளை விரித்து முகத்தைத் தடவினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் பார்த்த அதே பார்வை.

"நன்றி, மைரம்" என்றாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "எதுக்குக்கா?"

"ரொட்டிக்கு."

கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். எழுந்து கதவைத் திறந்து விட்டாள்.

"ரொட்டிக்கு மட்டும்."